இலையில் பொதிந்த மீன், திறக்காத கதவு

நீங்கள் புதிதாக வந்திருக்கிறீர்கள். வீடு வீடாகப் போய் ஓவனை எப்படிப் பயன்படுத்துவது என்று காட்டிக் கொடுப்பது நம் வேலை. எந்தப் பொத்தான் எதற்கு என்பதைக் கையேடு சொல்லிவிடும். கையேட்டில் இல்லாத ஒன்றை மட்டும் நான் சொல்கிறேன். அந்த வீட்டில் பெட்டியின் முன்னால் நிற்கப் போகிறவர் யார் என்று முதலில் கண்டுபிடியுங்கள். பிறகு அவரிடம் பேசுங்கள். பணம் கொடுத்தவரிடமும், நாற்காலி எடுத்துப் போட்டவரிடமும், சத்தமாகப் பேசுகிறவரிடமும் மட்டும் பேசிவிட்டுத் திரும்பினால் பஸ் கட்டணம்தான் வீண்.

தொண்ணூறுகளில் நெய்யாற்றின்கரையில் ஒரு வீட்டு உபயோகப் பொருள் கடையில் வேலை பார்த்தேன். பாறசாலையில் என் வீடு. அதற்கு முன் நாகர்கோவிலில் ஒரு பத்திரிகைக்குச் சில காலம் செய்தி எழுதியிருந்தேன். எது நடந்தாலும் பார்த்தவரிடம் ஒரு தடவை, செய்தவரிடம் ஒரு தடவை, தனித்தனியாகக் கேட்கும் பழக்கம் அங்கிருந்து வந்தது. எங்கள் பக்கத்தில் பள்ளிக்கூடத்து டீச்சரையும் ‘சார்’ என்றுதான் கூப்பிடுவார்கள். அதனால் சேலை கட்டிக்கொண்டு சமையல் காட்டப் போன நானும் ‘ஓவன் சார்’ ஆனேன்.

அந்த நாட்களில் பாதி ஓவன்கள் கடையில் வாங்கியவை அல்ல. கல்ஃபிலிருந்து லீவில் வருபவர்கள் கொண்டுவந்தவை. அவை சமையலறைக்குப் போவதில்லை. முன்னறையில் டிவிக்குப் பக்கத்தில், பின்னல் துணி போர்த்தி, மேலே பிளாஸ்டிக் பூ வைத்து நிறுத்தியிருப்பார்கள். வருகிறவர்கள் பார்க்க வேண்டும் அல்லவா? காற்று போக வேண்டிய துளைகளை அந்தத் துணி அடைத்துக்கொண்டிருக்கும். அதை எடுக்கச் சொன்னால் வீட்டுக்காரியின் முகம் வாடும். வாடட்டும், எடுக்கச் சொல்லுங்கள்.

கிரில்லும் சேர்ந்த ஓவனைப் பற்றி ஒரு விஷயம் சொல்லிவிட்டுக் கதைக்குப் போகிறேன். அது ஒரே கதவுக்குள் இருக்கும் இரண்டு அடுப்பு. மைக்ரோவேவில் சாப்பாடு சூடாகும், பெட்டி அவ்வளவாகச் சூடாகாது. கிரில்லில் மேலே இருக்கும் கம்பி பழுக்கும், சுவர் கொதிக்கும், கதவுக் கண்ணாடியைத் தொட முடியாது. இரண்டையும் சேர்த்து ஓட்டும் பொத்தானும் உண்டு. ஓர் அடுப்புக்கு ஏற்ற பாத்திரம் மற்றதற்கு ஆகாது. மக்கள் தடுமாறுவது இங்கேதான். அந்தத் தடுமாற்றத்தை முட்டாள்தனம் என்று நினைக்காதீர்கள்.

ஒரு நாள் சத்தியதாஸ் என்பவர் கடைக்கு வந்தார். ஆரியங்கோட்டுக்காரர், ரப்பர் ஷீட் வியாபாரம்.

“சாரே, நாங்க இஞ்சயிருந்து வாங்கல்ல. தம்பி ஷார்ஜாவிலயிருந்து கொண்டுவந்ததாக்கும். ஒருக்கா வந்து பாத்துச் சொல்லணும். கொள்ளாமா, கொள்ளாதா? ஒரே வார்த்தை போதும். கொள்ளாதுன்னா பனச்சமூட்டில ஒருத்தன் எடுக்கேன்னு சொல்லியிருக்கான்.”

கொள்ளாம் என்றால் எங்கள் பக்கத்தில் நல்லது, ஆகும் என்று அர்த்தம். “என்ன ஆச்சு?” என்றேன்.

“எனக்க தங்கச்சி உள்ள ஒரு பாத்திரத்த உருக்கிட்டா. வீடு முழுக்கப் புகை. அன்னைக்கிலயிருந்து எனக்க வீட்டுக்காரிக்கு ஒறக்கம் இல்ல.”

எங்கள் கடையில் விற்ற பொருள் இல்லை என்றாலும் முதலாளி போகச் சொன்னார். போனேன்.

ரப்பர் மரங்களுக்கு நடுவில் புது வீடு. முன்னறைச் சுவரில் வேத வசனம் எழுதிய காலண்டர். அதன் கீழே மேசையில் ஓவன். பின்னல் துணி, பூ, எல்லாம் இருந்தன. சத்தியதாஸின் மனைவி எஸ்தர் நாற்காலி எடுத்துப் போட்டார். கேட்காமலேயே பேச ஆரம்பித்தார். முழங்கைக்குக் கீழே அவர் கையில் பழைய தீக்காயத் தழும்பு இருந்தது.

வாசல் நிலையில் சாய்ந்து இன்னொரு பெண் நின்றாள். முப்பது தாண்டியிருக்கும். லில்லிபாய், சத்தியதாஸின் தங்கை. அவளுடைய வலது கையிலும் தழும்பு. எஸ்தரின் தழும்பைவிடப் பெரியது.

விஷயம் இதுதான். லில்லிபாய்க்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு உண்டு. சில வருஷங்களுக்கு முன் விறகடுப்பில் சோறு வடிக்கும்போது வலிப்பு வந்து அடுப்பிலேயே விழுந்துவிட்டாள். எஸ்தர் தீக்குள் கைவிட்டு இழுத்து எடுத்தார். இரண்டு தழும்பும் ஒரே நாளில் வந்தவை. அன்றோடு லில்லிபாய் சமையலறைக்குள் கால் வைக்கக் கூடாது என்று தீர்ப்பானது. ஷார்ஜாவில் இருந்த தம்பிக்கு அது மனசில் கிடந்திருக்கிறது. தீ இல்லாத அடுப்பு என்று யாரோ சொல்லக் கேட்டு அக்காவுக்காக இந்தப் பெட்டியைச் சுமந்து வந்திருக்கிறான். அது முன்னறையில் இருந்ததால் சமையலறைத் தடையும் மீறப்படவில்லை.

“இவளுக்கு வேண்டிக் கொண்டுவந்தது இவளையே கொல்லும் சாரே,” என்றார் எஸ்தர். “இதுக்க அலை தலைக்குக் கேறும். அலை கேறினா வலிப்பு வரும். நீங்க இவருட்ட சொல்லுங்க, இது கொள்ளாதுன்னு.”

சத்தியதாஸ் என் வாயைப் பார்த்தார். ஒரே வார்த்தை கேட்டு வந்தவர். இந்த இடத்தில் உங்களுக்கும் நெருக்கடி வரும். வீட்டில் எல்லோரும் ஏதோ ஒரு பக்கம் ஏற்கெனவே சாய்ந்திருப்பார்கள். உங்கள் வார்த்தையைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொள்ளக் காத்திருப்பார்கள். அவசரப்படாதீர்கள்.

“புகை வந்த அன்னைக்கு என்ன செஞ்சீங்க?” என்று லில்லிபாயிடம் கேட்டேன்.

எஸ்தர் பதில் சொன்னார். “பிளாஸ்டிக் பாத்திரத்தில கோழி வச்சா. பின்ன உருகாதா?”

“அவங்க சொல்லட்டும்,” என்றேன்.

லில்லிபாய் நிலையை விட்டு உள்ளே வந்தாள். மேசைக்கடியிலிருந்து உருகிக் கோணலாய்ப் போன ஒரு கிண்ணத்தை எடுத்தாள். திருப்பி அடியைக் காட்டினாள். மைக்ரோவேவுக்கு ஏற்றது என்ற முத்திரை அதில் தெளிவாக இருந்தது.

“ஓவனுக்குக் கொள்ளாமுன்னு இதில எழுதியிருக்கு. வாசிச்சிட்டுத்தான் வச்சேன். கோழி செவக்கணுமுன்னு கிரில்லுப் பொத்தான அமுக்கினேன். பெட்டி ஒண்ணுதானே சாரே? ஒண்ணுக்குக் கொள்ளாம், ஒண்ணுக்குக் கொள்ளாதுன்னு அதில எழுதல்லியே.”

அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. நான் இரண்டு அடுப்புக் கணக்கைச் சொன்னேன். சூடு தாங்கும் கண்ணாடிப் பாத்திரம் இரண்டுக்கும் ஆகும், பிளாஸ்டிக் கிரில்லுக்கு ஒருபோதும் ஆகாது, எவர்சில்வர் மைக்ரோவேவுக்கு ஆகாது என்றேன்.

“அப்பம் இந்தக் கம்பித்தட்டு? இதும் இரும்புதானே. இத மட்டும் ஏன் கூடத் தந்தான்?”

அந்தக் கேள்வியைக் கேட்ட வாடிக்கையாளர்கள் வெகு சிலர். அந்தப் பெட்டிக்கென்றே அளந்து, ஓட்டிப் பார்த்துக் கொடுத்த தட்டு அது, வேறு எந்த இரும்பையும் அதன் இடத்தில் வைக்க முடியாது என்று விளக்கினேன். தலையாட்டிவிட்டுத் தட்டைச் சுவரில் முட்டாமல் உள்ளே வைத்துக் காட்டினாள்.

“அலை?” என்றார் எஸ்தர்.

“கதவு ஒழுங்கா மூடியிருந்தா அலை உள்ளேயே நிக்கும். கதவும் விளிம்பும் நல்லாயிருக்கு. வலிப்பைப் பத்தி எனக்குத் தெரியாது. அது டாக்டர் சொல்ல வேண்டியது. போய்க் கேளுங்க.”

சத்தியதாஸுக்குச் சலிப்பு. “அப்பம் கொள்ளாமா, கொள்ளாதா?”

“எந்தப் பொத்தான், எந்தப் பாத்திரம், பக்கத்தில யாரு, இது மூணும் தெரியாம ஒரு வார்த்தை சொல்லமாட்டேன்.”

பிளக்கைப் பார்த்தேன். கல்ஃபின் சதுர முள் பிளக்கை வெட்டி எறிந்துவிட்டு, எர்த் இல்லாத இரண்டு முள் பிளக்கை மாட்டியிருந்தார்கள். ஸ்விட்ச் பெட்டிக்கு நேர் பின்னால் சுவரில் இருந்தது. அணைக்க வேண்டுமானால் சூடான பெட்டிக்கு மேலே எக்க வேண்டும். எர்த் கம்பி இழுத்து, மூன்று முள் பிளக் மாட்டி, ஸ்விட்சைப் பக்கத்துச் சுவருக்கு, கை நீட்டும் தூரத்துக்கு மாற்றுங்கள், அதுவரை பெட்டியை ஓட்டக் கூடாது என்றேன். ஒரு பெட்டிக்காகச் சுவரை வெட்டுவதா என்று சத்தியதாஸ் முணுமுணுத்தார். நான் வளையவில்லை.

கிளம்பும் முன் லில்லிபாயிடம் இன்னொன்றும் சொன்னேன். எங்கள் கடையில் வயதான மெக்கானிக் ஒருவர் இருந்தார். வேலைக்குச் சேர்ந்த வாரத்தில் அவர் என்னிடம் சொன்னது இது: “உள்ளே தீ பிடிச்சா கை முதல்ல கதவுக்குத்தான் போகும். அந்தக் கையைப் பழக்கி வை.” கதவைத் திறந்தால் காற்று புகும், தீ வெளியே பாயும். மூடியே இருந்தால் உள்ளே இருக்கிற காற்று தீர்ந்து தானே அணையும். ஸ்விட்சை அணை, பிளக்கைப் பிடுங்கு, தள்ளி நில். சொன்னால் போதாது, கை பழக வேண்டும். மின்சாரம் இல்லாத காலிப் பெட்டியின் முன் அவளை நிறுத்தி, “தீ!” என்று கத்தினேன். ஸ்விட்ச் வரப்போகும் பக்கத்துச் சுவருக்குப் போக வேண்டிய அவள் கை கைப்பிடிக்குப் போனது. மறுபடியும். மறுபடியும்.

எஸ்தர் வாயில் சேலைத் தலைப்பை வைத்துச் சிரித்தார். “இதென்ன சாரே, கிறிஸ்துமஸ் நாடகம் படிப்பிக்குதியளா? நெசத்தில தீயக் கண்டா இவ நிக்கமாட்டா, விழுவா.”

லில்லிபாய் திரும்பிப் பார்க்கவில்லை. “இன்னும் ஒருக்கா சொல்லுங்க சாரே,” என்றாள்.

பிறகு சத்தியதாஸ் கடைக்கு வந்து செய்தி சொன்னார். டாக்டரிடம் போயிருக்கிறார்கள். அலைக்கும் வலிப்புக்கும் சம்பந்தம் இல்லை, மாத்திரையை ஒழுங்காகப் போடட்டும், கொதிக்கிற எதையும் தனியாக இருக்கும்போது தூக்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். எலக்ட்ரீஷியன் சுவரை வெட்டி முடித்துவிட்டார். ஆனால் எஸ்தர் ஒத்துக்கொள்ளவில்லை. பழைய பொருள் வாங்கும் பனச்சமூட்டுக்காரனைச் சனிக்கிழமை சாயங்காலம் வரச் சொல்லிவிட்டார்.

“லில்லி ஒண்ணு சொல்லுதா,” என்றார். “அவன் வாறதுக்கு முன்ன நீங்க வந்து நிக்கணுமாம். உங்க முன்னால மீன் வச்சுக் காட்டுவாளாம். பின்ன மைனி என்ன சொன்னாலும் கேக்குதேன்னு சொல்லுதா.”

மைனி என்றால் அண்ணன் மனைவி. அந்த வீட்டில் கடைசி வார்த்தை எஸ்தருடையது. தீயிலிருந்து இழுத்தவர் என்ற உரிமை அவருக்கு இருந்தது, அதை யாரும் மறுக்கவில்லை.

சனிக்கிழமை போனேன். பின்னல் துணி போயிருந்தது. பெட்டி சுவரிலிருந்து தள்ளி நின்றது. ஸ்விட்ச் பக்கத்துச் சுவரில் இருந்தது. லில்லிபாய் நெத்திலியும் சாளையும் வேண்டாம் என்று சொல்லி அயிலை மீன் வாங்கிவரச் சொல்லியிருந்தாள். மிளகும் மஞ்சளும் சின்ன உள்ளியும் அவளே அரைத்திருந்தாள். முதலில் கண்ணாடிப் பாத்திரத்தில் மைக்ரோவேவில் ஒரு குழம்பு வைத்தாள். தடித்த துணிக்கையுறை போட்டாள். பாத்திரத்தை உடனே எடுக்கவில்லை. கொதி அடங்கும்வரை உள்ளேயே விட்டாள். “மைனி, கொஞ்சம் பிடிக்குதியளா?” என்று கேட்டுத்தான் இறக்கினாள். டாக்டர் சொன்னதை அவள் சட்டமாகவே ஆக்கியிருந்தாள்.

எஸ்தருக்கு அது பிடித்துவிட்டது என்பது என் ஊகம். ஏனென்றால் அடுத்த மீனுக்கு அவரே வந்து சேர்ந்துகொண்டார்.

“கண்ணாடியில வச்ச மீனு மீனா? இலையில பொதியணும் பிள்ளே,” என்று வாழையிலை வாட்டி எடுத்துவந்தார். இரண்டு அயிலையை மசாலாவோடு வைத்து, ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு இலை சுற்றி, வாழைநாரால் கட்டினார். எங்கள் ஊர்ப் பொதி. தோசைக்கல்லில் வைத்துச் சுடுவோம். கம்பித்தட்டில் வைத்து உள்ளே தள்ளினார்.

அந்த நேரம் சத்தியதாஸ் என்னை ஸ்விட்ச் பக்கம் அழைத்து, எர்த் கம்பி எந்த வழியாகப் போகிறது என்று காட்டிக்கொண்டிருந்தார். பின்னால் பேச்சு மட்டும் கேட்டது.

“இலைக்க நுனி மேல எழும்பி நிக்கு மைனி. கம்பியில முட்டும்.”

“முட்டாது. நீ பொத்தான அமுக்கு.”

“கொஞ்சம் ஒடிச்சு விடட்டா?”

“ஒடிச்சா சாறு போவும். நான் எத்தன பொதி பொதிஞ்சிருக்கேன்! எனக்குப் படிப்பிக்கண்டாம். மாறு.”

அவளை விலகச் சொல்லிவிட்டுப் பொத்தானை அமுக்கியது எஸ்தர். இரண்டு அடுப்பும் சேர்ந்து ஓடும் பொத்தான். நான் திரும்பி வருவதற்குள் இலையின் நுனி காய்ந்து, பழுத்த கம்பியில் உரசிவிட்டது. கண்ணாடிக்குள் மஞ்சளாக ஒன்று எழுந்தது. பிறகு உள்ளே முழுக்க வெளிச்சம்.

எஸ்தர் அலறிக்கொண்டு ஈரத் துணியோடு கைப்பிடியைப் பார்த்துப் பாய்ந்தார். சத்தியதாஸ் தண்ணீர்ச் செம்புக்கு ஓடினார். லில்லிபாயின் கை ஸ்விட்சுக்குப் போனது. அணைத்தாள். பிளக்கைப் பிடுங்கினாள். அடுத்த நொடி எஸ்தருக்கும் பெட்டிக்கும் நடுவில் நின்றாள்.

“தொறக்கண்டாம் மைனி!”

“எடி மாறு! தீ! மாறுடி!”

“தொறக்கண்டாம். உள்ளயே சாவும். நில்லுங்க.”

இரண்டு கைகளாலும் எஸ்தரின் மணிக்கட்டுகளைப் பிடித்திருந்தாள். தழும்பும் தழும்பும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். சத்தியதாஸின் கையிலிருந்து செம்பை வாங்கிக் கீழே வைத்தேன். லில்லிபாயின் காலருகே கிடந்த முக்காலியை என் காலால் தள்ளினேன். அவள் விழுந்தால் தலை இடிக்கக் கூடாது. அவளை விலக்கிவிட்டு நான் பெட்டியின் முன் நிற்கவில்லை. அது என் வேலை என்று உடம்பு சொன்னது. ஆனால் அவள் செய்ததில் திருத்த ஒன்றும் இல்லை. சரியாகச் செய்துகொண்டிருப்பவரின் கையிலிருந்து வேலையைப் பிடுங்கினால் அந்த வேலை அவருக்குத் திரும்பக் கிடைக்காது. கத்துகிற அறையில் சும்மா நிற்பது கஷ்டம். அதைப் பழகிக்கொள்ளுங்கள். ஆனால் கண்ணை எடுக்காதீர்கள். தீ அடங்காமல் போயிருந்தால் எல்லோரையும் வெளியே தள்ள வாசல் எந்தப் பக்கம் என்று பார்த்து வைத்திருந்தேன்.

வெளிச்சம் சிவந்தது. பிறகு சுருங்கியது. கண்ணாடிக்குள் புகை மட்டும் நின்றது. எஸ்தர் மூச்சு வாங்கினார். லில்லிபாய் அவர் கைகளை விட்டாள்.

“இப்பம் தொறக்கலாமா சாரே?”

“இன்னும் இல்ல.”

காத்திருந்தோம். கண்ணாடியின் சூடு தணிந்த பிறகு அவளே திறந்தாள். பொதி மேலே கரிக்கட்டையாக இருந்தது. நான் உள்சுவரையும் கதவின் விளிம்பையும் பார்த்தேன். கரி பிடித்திருந்தது, வெடிப்பு எதுவும் தெரியவில்லை. மெக்கானிக் வந்து பார்த்துச் சொல்லும்வரை ஓட்டக் கூடாது என்றேன். இனி கிரில் ஓடும்போது இலை, காகிதம், நார் எதுவும் உள்ளே போகக் கூடாது, அறையில் இன்னொருவர் இல்லாமல் கிரில்லைத் தொடக் கூடாது என்றேன். இதை லில்லிபாயைப் பார்த்துத்தான் சொன்னேன். எஸ்தரும் தலையாட்டினார்.

லில்லிபாய் பொதியைத் தட்டில் வைத்து நாரை அறுத்தாள். மேல் இலை கரியாக உதிர்ந்தது. உள் இலை பழுப்பாக, முழுதாக இருந்தது. பிரித்தாள். ஆவி வந்தது. மீன் வெந்திருந்தது.

எஸ்தர் கிட்ட வந்தார். பிறகு ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டார். மென்றார்.

“உப்பு கொறவாக்கும்,” என்றார்.

“அடுத்த தவண கூட்டிப் போடுதேன் மைனி.”

வாசலில் ஆட்டோ சத்தம் கேட்டது. பனச்சமூட்டுக்காரன் சாக்கும் கயிறுமாக இறங்கினான். சத்தியதாஸ் எழுந்தார். எஸ்தர் அவரைக் கையமர்த்திவிட்டு, கரி படிந்த விரல்களைச் சேலையில் துடைத்தபடி வாசலுக்குப் போனார்.

“ஓவன் விக்கதுக்கு இல்ல,” என்று அவர் சொன்னது எங்களுக்குக் கேட்டது. “ஒரு பழைய கிரைண்டர் கெடக்கு. அது வேணுமா?”